எதிர்ப்பின் நடுவே இறைநம்பிக்கை



எதிர்ப்பு மலையென நிற்கும்போது இறைவனின் ஆற்றலை நம்புவது எங்ஙனம் என்பது பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். அறிவுரை கூறுவதினும் வரலாறு கூறுவதே ஆசிரியனுக்கு எளிது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கமரி என்றொரு நகரம் உண்டு. அங்கே அந்நாளில் பேருந்துகளில் முன் இருக்கைகள் வெள்ளையருக்கே உரியவையாக இருந்தன. அவை நிரம்பினால், பின்னால் அமர்ந்த கறுப்பினத்தார் எழுந்து இடம்விட வேண்டியிருந்தது. 1955 டிசம்பர் 1 அன்று அவ்வாறு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் என்னும் தையற்பணிப் பெண்மணி கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினர். அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் 26 வயதுப் போதகரான மார்ட்டின் லூதர் கிங்.

ஆட்சியாளரும் காவல்துறையும் எதிர்த்தனர். 1956 சனவரி இறுதியில் ஓர் இரவு, தொலைபேசி வழியே மிரட்டல் வந்தது. உறக்கம் வராத கிங், சமையலறை மேசையில் தலை கவிழ்ந்து, தம் வலிமையெல்லாம் தீர்ந்ததென இறைவனிடம் முறையிட்டார். நீதிக்காக நில், நான் துணையிருப்பேன் என்ற குரலைத் தம் உள்ளத்தில் கேட்டதாக அவரே பின்னர் எழுதினார். சனவரி 30 அன்று அவர் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உயிர் தப்பினர். சினந்து ஆயுதங்களுடன் திரண்ட மக்களை அவர் அமைதிப்படுத்தி வீட்டிற்கு அனுப்பினார்.

இளைஞர்களே, ஒன்றை நோக்குங்கள். அந்த நம்பிக்கை குண்டைத் தடுக்கவில்லை. அவர் கால்கள் பின்வாங்காமல் காத்தது. தொழுததோடு அவர் அமர்ந்துவிடவும் இல்லை. வீட்டு வேலை செய்த பெண்கள் நடந்தே பணிக்குச் சென்றனர். கார் வைத்திருந்தோர் பிறரை ஏற்றிச் சென்றனர். போராட்டம் 381 நாட்கள் நீடித்தது. நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில், பேருந்துப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

1959இல் கிங் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் எனத் தலைமையாசிரியர் தம்மை அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் அதிர்ந்து, பின்னர் அது உண்மையே என உணர்ந்ததாகவும் 1965இல் ஒரு சொற்பொழிவில் அவர் கூறினார். ஆதலின் இஃது அயலார் கதையன்று.

ஊரே கூடி நம்மைத் தாழ்ந்தவர் என்னும்போது, ஊரினும் பெரியவன் ஒருவன் நம்மைத் தன் பிள்ளை என்கிறான் எனத் துணிவதே இறைநம்பிக்கை. பிள்ளை என்றறிந்தவன் கைகட்டி நில்லான். எனவே பொதுவழி மறுக்கப்பட்டால், தொழுதெழுந்து சட்டம் அறிந்து மனு எழுதுங்கள். தேர்வில் தவறினால், மீண்டும் எழுதுங்கள். தனித்து அஞ்சுவோர் கூடி நடங்கள். கல்வி அந்நடைக்கு விளக்கு. அதனை ஏந்தவே இச்சங்கம் எழுந்தது.