கண்டி நடனமும் வஜிரா அம்மையாரும்

எசலப் பெரஹராக் காலத்திலே கண்டி மாநகரின் வீதிகளில் ஆடிவரும் நடனக் கலைஞரைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை. தலையிலே ஒளிரும் வெஸ் முடியும், மார்பிலே மணிக்கோவையும், காலிலே சிலம்பும் கொண்டு, மத்தள முழக்கத்துக்கு இசைய அவர்கள் ஆடும் ஆட்டம் வீரம் செறிந்தது.

இக்கலை கேளிக்கைக்காகத் தோன்றியதன்று. பிணியும் தோஷமும் நீங்கவேண்டிக் கண்டிக் கிராமங்களில் இரவிரவாக நிகழும் ‘கொஹொம்ப கங்காரிய’ என்னும் சடங்கே இதன் தாய்வீடு. பறை முழக்கும் பெரவா குலத்தார் தலைமுறை தலைமுறையாக இதனைப் பேணி வந்தனர். ஆட்டத்தைப் போற்றிய சமுதாயம் ஆடியவரைத் தாழ்வாகவே நடத்தியது. அக்குலத்திலும் வெஸ் முடி புனையும் உரிமை ஆடவர்க்கே இருந்தது. சடங்கிலே பெண்கள் ஆடும் வழக்கமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. 1934இல் தாகூர் தம் குழுவினருடன் இலங்கைக்கு வந்து நாட்டிய நாடகம் நிகழ்த்தியமை பலருக்கு ஊக்கமளித்தது. மிரியம் த சேரம், சந்திரலேகா போன்ற பெண்மணிகள் துணிந்து மேடையேறினர். கண்டிக் குருமாரிடம் பயின்ற சித்திரசேனர் (1921-2005) கொழும்பிலே நடனப் பள்ளியொன்றை நிறுவினார். அங்கு மாணவியாகச் சேர்ந்து, பின்னர் அவர்தம் வாழ்க்கைத் துணைவியானவரே, 1932இல் பிறந்த வஜிரா அம்மையார்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் எளியதன்று. கண்டி நடனம் முற்றிலும் தாண்டவப் பாங்கினது. ஆடவர் ஆடுவதை அப்படியே ஆடினால் அது போலியாகும். மென்மை வேண்டி அடவைத் தளர்த்தினாலோ அது கண்டி நடனமே ஆகாது. அம்மையார், முழங்கால்களை அகல விரித்துத் தாழ்ந்து நிற்கும் அடிப்படை நிலையையும் தாளக்கட்டையும் விடாது காத்து, கையசைவிலும் உடலின் வளைவிலும் லாஸ்யத்தை இழைத்தார். பெண்ணுக்கென ஒரு பாணி இவ்வாறு உருவாயிற்று. மாணவரைப் பயிற்றுதற்கென ஒழுங்கான உடற்பயிற்சி முறையொன்றையும் அவர் வகுத்தார். 1952இல் ‘குமுதினி’ என்னும் சிறுவர் நாட்டிய நாடகத்தை அமைத்தார். கடலோர மீனவர் வாழ்வைக் கூறும் ‘கரதிய’ 1961இல் அரங்கேறியபோது அதன் நாயகியாக ஆடினார்.

அமெரிக்கக் கறுப்பினத்துக் கலைஞர் கேதரின் டன்ஹாமின் (1909-2006) வாழ்வும் இங்கே ஒப்புநோக்கத் தக்கது. அவர் 1935இல் கரீபியத் தீவுகளுக்குச் சென்று, ஆபிரிக்க வழிவந்த மக்களின் சடங்கு நடனங்களைக் கற்று, அவற்றை உலக அரங்கிலே ஏற்றினார். அவர் எதிர்த்து நின்றது நிறவேற்றுமை. வஜிரா அம்மையார் கடந்தது பெண்ணுக்கு விதித்திருந்த தடை. தாழ்வாக எண்ணப்பட்ட மக்களின் கலைக்கு உரிய மதிப்பைத் தேடித் தந்தமையில் இருவரும் ஒருவழிச் சென்றவர்கள்.

2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருதை இந்திய அரசு வஜிரா அம்மையாருக்கு வழங்கியது. மகள் உபேகாவும் பேர்த்தி தாஜியும் அவர் வகுத்த பாணியிலே புகழ் பெற்றனர். எனினும் மேடையில் ஒலிக்கும் கைதட்டலில் ஒரு பங்கு, பெயர் வெளித்தெரியாது கண்டிக் கிராமங்களிலே இக்கலையைக் காத்த பெரவா குருமாருக்கும் உரியது. அவர்கள் காத்திராவிடில், அம்மையார் புதுக்குவதற்கு ஒரு கலையே எஞ்சியிராது.