‘டாயில்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் வழக்கும்

ஆங்கிலத்தில் உழைப்பைக் குறிக்கும் ‘டாயில்’ என்ற சொல்லுக்கு அகராதிகள் ‘கடும் உழைப்பு’ என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தப் பொருள் போதாது என்பதே இச்சொற்பொழிவின் வாதம். இதன்மேல் நடந்துவரும் பூசல் அவையினர் பாதி அறிந்ததே. ‘ஹார்ட் ஒர்க்’ என்பதன் செய்யுள் வடிவமே ‘டாயில்’, கடுமைதான் அதன் இலக்கணம் என்பது மறுதரப்பின் நிலை.

வழக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒருவரைக் கடின உழைப்பாளி என்று பணிச் சான்றிதழில் எழுதுவார்கள். ‘டாயிலர்’ என்று எழுதிக் கையெழுத்திடும் ஆங்கிலேய அதிகாரி அகப்படமாட்டார். மேட்டில் மூச்சிரைக்க ஏறுகிறவரைப் பற்றி ‘டாயில்’ என்ற வினை இயல்பாக வரும். அங்கே வேலையே இல்லை, மெல்ல மெல்லத் தேயும் உடல் மட்டும் உண்டு. செய்யும் பணியின் மதிப்பை அல்ல, செய்கிறவர் ஓய்வின்றித் தேய்வதையே இச்சொல் குறிக்கிறது.

ஒலிவக் காய்களை நசுக்கும் கருவிக்கு இலத்தீனில் இருந்த பெயரிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்தது இச்சொல். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக முதலில் சச்சரவையே குறித்தது. உழைப்புப் பொருள் அதற்கு நிலைபெற்றது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நசுக்கும் கருவியைக் காட்டித் தேய்வுப் பொருளை நிறுவ முயல்வோர் இத்தரப்பிலும் உண்டு. மேடைக்கு நல்ல கதை, சான்றாகாது.

சான்று 1940இல் இருக்கிறது. அவ்வாண்டு மே 10ஆம் நாள் பிரிட்டனின் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில், 13ஆம் நாள் காமன்ஸ் சபையில் பிரதமராக முதன்முறை பேசினார். நாட்டுக்குத் தர இருப்பவை என்று நான்கைச் சொன்னார்: இரத்தம், டாயில், கண்ணீர், வியர்வை. உலகம் நினைவில் வைத்திருப்பதோ மூன்றைத்தான். இரண்டாவதாக நின்ற சொல் உதிர்ந்தது. எஞ்சியவையும் இடம்மாறி இரத்தம், வியர்வை, கண்ணீர் என்றாயின. 1941இல் சர்ச்சிலின் உரைத்தொகுப்பு அமெரிக்காவில் வெளிவந்தபோது அந்த மூன்றே நூலின் தலைப்பு. பிரிட்டிஷ் பதிப்புக்கு வேறு தலைப்பு. 1967இல் நியூயார்க்கில் தோன்றிய ராக் இசைக்குழு ஒன்றும் அம்மூன்றையே பெயராக வைத்துக்கொண்டது.

மறுதரப்பு இதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவது வழக்கம். வியர்வை என்றாலே உழைப்பு அதில் அடங்கிவிடுகிறது, ‘டாயில்’ மிகை, மிகையை மக்கள் நாவு கழித்துவிட்டது என்பார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றும் சர்ச்சிலுக்கு வெகுகாலம் முந்தியவை. கவிஞர் ஜான் டன் 1611இலும் பைரன் 1823இலும் அவற்றைச் சேர்த்தே ஆண்டிருக்கிறார்கள். தியோடர் ரூஸ்வெல்ட் 1897இல் அமெரிக்கக் கடற்படைப் போர்க் கல்லூரியில் பேசியபோதும் அவை வந்தன. முதல் உலகப் போரின் கிழக்கு முனை பற்றி 1931இல் எழுதிய நூலில் சர்ச்சிலே அவற்றை அடுக்கியிருந்தார். ஆக, 1940இல் புதிதாக நுழைந்தது ‘டாயில்’ ஒன்றுதான். ஏற்கெனவே காதில் ஊறிப்போன மூன்று, புதிதாக வந்ததை வெளியே தள்ளிவிட்டன. அது உதிர்ந்ததற்குக் காரணம் பழக்கம், மிகை அல்ல.

பிறகு ஏன் சேர்க்க வேண்டும்? இரத்தமும் கண்ணீரும் வியர்வையும் உடலிலிருந்து வடிபவை, கண்ணால் காணத்தக்கவை. ஒரே நாளின் சண்டையில் மூன்றையும் சிந்தி முடித்துவிடலாம். ‘டாயில்’ அப்படி முடியாது. அதற்குள் காலம் இருக்கிறது. முன்னே நிற்பவை நீண்ட பல மாதங்களின் போராட்டமும் துன்பமும் என்று அதே உரையில் சர்ச்சில் எச்சரித்திருப்பதையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். வியர்வை அதன் விளைவுகளில் ஒன்று. அதற்கு ஈடு அன்று.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில், ஒரு பொருளின் உண்மை விலை அதை அடையப் பட்ட டாயிலும் தொல்லையுமே என்கிறார். அங்கும் கணக்கில் வருவது விளைச்சல் அல்ல, அடைந்தவர் கொடுத்தது. கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட நூல் இச்சொல்லைக் கலைச்சொல்லாகவே ஆக்கிவிட்டது: கையால் செய்வது, திரும்பத் திரும்ப வருவது, இயந்திரத்திடம் விடத்தக்கது, நிலையான பயன் எதையும் விட்டுச்செல்லாதது. பொறியாளரின் நேரத்தில் 50 விழுக்காட்டை இது தாண்டக் கூடாது என்பது அவர்கள் விதி. அந்த வரையறையில் கடுமை ஓர் அங்கமே அன்று.

வலை என்னும் பொருளுடைய இன்னொரு ‘டாயில்’ வேறு வேரினது, கலக்கலாகாது. பிரிட்டிஷ் அலுவலகங்களில் மிகுநேரப் பணிக்கு ஈடாகத் தரும் விடுப்பைச் சுட்டும் அதே உருவிலான எழுத்துச் சுருக்கமும் தற்செயலே.

செய்யவேண்டியவை பல. ‘மேக்பெத்’ சூனியக்காரிகளின் ‘டாயில்’ உழைப்பா, பழைய சச்சரவுப் பொருளின் எச்சமா என்பதை ஆராயலாம். இவ்வினையோடு வரும் முன்னிடைச் சொற்களைத் தொகுக்கலாம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் மத்தேயு 6:28இலும் லூக்கா 5:5இலும் ஒரே கிரேக்க வினைக்கு ‘டாயில்’ என்றே எழுத, தமிழ் விவிலியம் முன்னதற்கு ‘உழை’ என்றும் பின்னதற்குப் ‘பிரயாசப்படு’ என்றும் பிரித்திருக்கிறது. பிரித்த காரணத்தை எவரேனும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.