கடைப் பக்கத்தில் எதைப் போடுவது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், தையற்கடை நடத்தி வரும் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "அம்மா, இப்போ நம்ம ஆளுங்க நிறைய பேரு வீட்டிலேயே முறுக்கு சுடுறாங்க, மாலை கட்டுறாங்க, மோட்டார் ரிப்பேர் பண்றாங்க. பேஸ்புக்குல பக்கம் ஆரம்பிக்கிறாங்க. ரெண்டே வாரத்துல எதைப் போடுறதுன்னு தெரியாம விட்டுடுறாங்க. நீ அதைப் பத்திப் பேசு" என்றார். தெரிந்த விஷயம்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

என் கதையும் அப்படித்தான் ஆரம்பித்தது. கடைக்கென்று பக்கம் திறந்தேன். முதல் மாதம் காலை வணக்கப் படம், ரோஜாப் பூப் படம், யாரோ அனுப்பிய பொன்மொழி, எல்லாம் போட்டேன். என் நாத்தனாரும் சித்தி மகளும் மட்டும் தவறாமல் 'லைக்' போட்டார்கள். ஒருவரும் துணி கொண்டு வரவில்லை. ஏன் வரவேண்டும்? அந்த ரோஜாப் பூவை மளிகைக் கடைக்காரரும் போடலாம், பல் டாக்டரும் போடலாம். அதில் என் தையல் எங்கே இருக்கிறது?

வழி காட்டியது ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்வி. "அக்கா, ரவிக்கைத் துணியைத் தைக்கக் கொடுக்குறதுக்கு முன்னாடி நனைக்கணுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதே வாரத்தில் இன்னும் மூன்று பேர் அதையே கேட்டார்கள். கடையில் நால்வர் வாய்விட்டுக் கேட்டால், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனை பேர் இருப்பார்கள்! அன்றிரவே எழுதிப் போட்டேன். பருத்தித் துணி முதல் முறை தண்ணீரில் பட்டதும் சுருங்கும், ஆகவே நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுவதுதான் நல்லது என்று நாலே வரி. அந்த நாலு வரிக்கு வந்த விசாரிப்பு, நாற்பது ரோஜாவுக்கு வரவில்லை. அன்றிலிருந்து மேசை மேல் ஒரு பழைய கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். யார் எதைக் கேட்டாலும், கேட்ட வார்த்தையிலேயே குறித்துக்கொள்வேன். "எத்தனை மீட்டர் வேணும்?", "பிள்ளைக்கு அடுத்த வருஷமும் போடற மாதிரி பினாஃபோர் தைக்க முடியுமா?", "தீபாவளிக்கு எப்போ கொடுத்தா கிடைக்கும்?" இப்போது அது மூன்றாவது புத்தகம். எதைப் போடுவது என்ற கவலை எனக்கு அதோடு போயிற்று.

பினாஃபோர் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன், இங்கே தாய்மார்கள் பலர் இருப்பதால். கீழ் மடிப்பை அகலமாக விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர இறக்கிக்கொள்ளலாம். பழைய மடிப்பின் கோடு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

அடுத்து, சொல்லச் சங்கடமான ஒன்று. ஒரு முறை கல்யாண ரவிக்கை ஒன்றைக் கெடுத்துவிட்டேன். மேல் துணி பட்டு, உள்ளே பருத்தி லைனிங். லைனிங்கை நனைக்காமல் தைத்துவிட்டேன். ஊருக்கு உபதேசம் செய்தவளே நனைக்கவில்லை, பாருங்கள்! அவர்கள் கட்டிக் கழற்றித் தண்ணீரில் அலசியதும், உள் துணி சுருங்கி மேல் பட்டெல்லாம் நெளிந்து போயிற்று. அந்த அம்மா கடையில் வைத்து அழுதார். துணிக் காசைக் கொடுத்து, வேறு ரவிக்கை கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் கல்யாணத்துக்குப் போட்ட ரவிக்கை அதுதானே, அது திரும்பி வருமா?

அதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தூக்கமில்லை. வீட்டுக்காரர், "கடையை மூடணும்னு ஆசையா உனக்கு?" என்றார். அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். "என் பேரைப் போடாதே, படத்தையும் போடாதே, மத்ததை எழுது. இன்னொருத்திக்கு இப்படி ஆகக்கூடாது" என்றார். எழுதினேன். திட்டியவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாதம் வந்த புது ஆட்களில் பலர், "லைனிங்கை நனைச்சுத்தானே தைப்பீங்க?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். பிறருடைய வீட்டு விஷயத்தையும் முகத்தையும் கேட்காமல் போடக்கூடாது என்பதையும் அப்போதுதான் சரியாகக் கற்றுக்கொண்டேன்.

இந்த மாதிரி எழுதப் பழகுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்று போன 'தமிழ் நேசன்' பத்திரிகையில், 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்றே ஒன்று நடத்தினார்கள். பத்திரிகை படிக்கிறவர்களைக் கதை எழுதப் பழக்குவதற்காக! கைப்பேசியும் இல்லை, ஒன்றும் இல்லை. காகிதமும் தபால் தலையும்தான். நமக்குச் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தவர்கள்தான் அன்றும் இருந்திருப்பார்கள்.

நாம் இருக்கிற ஊரையும் பாருங்கள். மலாக்காவில் நம்மவர்கள் வியாபாரம் செய்தது ரப்பருக்கும் வெகு காலம் முந்திய கதை. 1511-இல் போர்த்துக்கீசியர் பிடித்த பிறகு, நைனா சட்டு என்ற வணிகர் இங்கே பெண்டஹாராவாகவே இருந்தார். என் கடையும் ஜாலான் பெண்டஹாரா பக்கம்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு! ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் நிற்கிறது. தெருவின் பெயரே தட்டார் தெரு. வெளியூர்க்காரன் அதைப் படம் எடுத்துப் போடுகிறான். அந்த வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நாம் ரோஜாப் பூ போடுகிறோம்.

ரப்பருக்கும் ஊர் இதுதான். 1896-இல் தான் சாய் யான், மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் தோட்டம் அது. அந்த மரத்தை நம்பித்தான் என் அம்மாவும் வாழ்ந்தார்.

நாலாம் வகுப்பில், இதே பள்ளிக்கூடத்தில், 'என் தாயார்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டுகிறவர். நான் "என் தாயார் வீட்டில் இருக்கிறார்" என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் அப்பா டவுனில் கிராணி. அதனால் வெட்கம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை மடித்து வைத்தார்.

போன வருஷம் அம்மாவின் பால் வெட்டும் கத்தியைப் படம் எடுத்துக் கடைப் பக்கத்தில் போட்டேன். தையற்கடைக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் கத்தரிக்கோலைத் தீட்டக் கற்றுக் கொடுத்தது அம்மாதான். "துணி வெட்டுற கத்தரியில காகிதத்தை வெட்டாதே, முனை மழுங்கிடும்" என்பார். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பட்டை சரியாக வளராது. மேலாகப் போனால் பால் வராது. அந்தப் பதம் கையில் இருக்கிறது என்பார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிப் போட்டேன். "இதையெல்லாம் யாரு பார்ப்பா?" என்று அம்மா கேட்டார். மங்கு, காண்டா வாளி, தீம்பார் என்று நான் மறந்தே போன சொற்களையெல்லாம் போட்டு, எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் எழுதினார்கள். ஒவ்வொன்றாக அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டுரையைப் பற்றி அன்றைக்கும் அவர் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

இப்போது கேட்டால் நொடியில் எழுதிக் கொடுக்கிற இயந்திரமும் வந்துவிட்டது. எழுத்துப் பிழை திருத்த நானும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த லைனிங் சுருங்கியது அதற்குத் தெரியாது, அம்மா கத்தியைப் பிடித்த விதமும் தெரியாது. நாம் சொன்னால்தான் உண்டு.

மாணவச் செல்வங்களே, உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பேஸ்புக்கில் அனுமதி இல்லை. ஆகவே உங்களுக்கு இப்போது பக்கம் வேண்டாம். ஒரு நோட்டு போதும். இன்று வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம், "உங்க வேலையில வெளி ஆளுக்குத் தெரியாதது என்ன?" என்று கேட்டு எழுதுங்கள். செம்பனைக் குலை பழுத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், வெட்டிய குலையை ஏன் சீக்கிரம் ஆலைக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். தலைமையாசிரியர் அனுமதித்தால் அடுத்த மாதம் நானே வந்து படித்துப் பார்க்கிறேன். நல்லதாக எழுதும் மூன்று பேருக்குப் பள்ளிச் சட்டை என் கடையிலிருந்து.

பெற்றோர்களில் பக்கம் திறக்க விரும்புகிறவர்கள் விழா முடிந்ததும் கேண்டீன் பக்கம் வாருங்கள், கைப்பேசியோடு. ஆசிரியை மணியைக் காட்டுகிறார், பிள்ளைகளும் பரிசு மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.