அறுந்த கயிறு



சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையில் மேட்டர்ஹார்ன் என்ற பாறைமலை நிற்கிறது. உயரம் 4,478 மீட்டர். மலையேறவும் பனிச்சறுக்கு விளையாடவும் உலகெங்கிலுமிருந்து மக்கள் அதன் அடிவாரத்து ஊராகிய செர்மாட்டுக்கு வருகிறார்கள்.

1865 ஜூலை 14 அன்று ஏழு பேர் முதன்முதலாக அந்த உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது ஏழு பேரும் ஒருவர்பின் ஒருவராகக் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அனுபவம் குறைந்த இளைஞர் ஒருவர் கால் வழுக்கி, கீழே நின்ற வழிகாட்டிமேல் விழுந்தார். அவர்கள் இருவரும் விழுந்த வேகத்தில், மேலே நின்ற இன்னும் இருவர் இழுபட்டார்கள். அடுத்து நின்றவர் செர்மாட் வழிகாட்டி பீட்டர் டாக்வால்டர். அவர் பாறையைப் பற்றித் தாங்கினார். ஆனால் கயிறு தாங்கவில்லை, அறுந்தது. நால்வரும் மாண்டார்கள். டாக்வால்டரும், அவருடைய மகனும், விம்பர் என்ற ஆங்கிலேயரும் பிழைத்தார்கள்.

பிழைத்து வந்தவருக்கு ஊரில் வேறொரு பாடு காத்திருந்தது. 'கயிறு அறுந்தது' என்ற செய்தி, 'கயிற்றை அறுத்தார்' என்று மாறியது. தன் உயிருக்காக நால்வரைக் கைவிட்டார் என்றார்கள். கயிறு வெட்டப்படவில்லை என்று விம்பர் சொன்னார். விசாரணையும் அவர்மேல் குற்றம் காணவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. அறுந்த கயிறு இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்புக்குரியவர்களே, நாம் மட்டும் என்ன செய்கிறோம்? ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடக்கம் முடியுமுன்பே, "மருமகள் சரியாகப் பார்க்கவில்லை", "மகன் செலவுக்குப் பயந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்" என்கிறோம். அந்தக் கடைசி இரவில் அவர்கள் எப்படித் தாங்கிப் பிடித்தார்கள் என்பது நமக்குத் தெரியுமா? குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. ஒருபக்கம் கேட்டே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

பூசை தவறியதை நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறோம், கோபப்பட்டதைச் சொல்கிறோம். ஒருவர் பெயரைக் கெடுத்ததைச் சொல்வது அரிது. எட்டாம் கட்டளை அதற்காகத்தான் இருக்கிறது. திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கெடுத்த பெயரையும் அப்படியே மீட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே திருச்சபையின் போதனை. மன்னிப்புப் பெற்றாலும் அந்தக் கடன் நிற்கிறது.

எனவே இந்த வாரம், யாரைப் பற்றி அப்படிப் பேசினோமோ, அவர் வீட்டுப் படியேறுவோம். யாரிடம் பேசினோமோ, அவரிடமும், "தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்போம். பொய்க் குற்றச்சாட்டைச் சுமந்து கல்வாரி மலையேறிய நம் ஆண்டவர் அதற்கான துணிவை நமக்குத் தருவாராக. ஆமென்.