சாவியைக் கொடுக்கும் முன்

(தூத்துக்குடியில் மாணவர், இளைஞர் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



நான் டிரைலர் ஓட்டுறவன். துறைமுகத்துக்குள்ள கண்டெய்னர் கொண்டுபோய் விடுற வேலை. மேடைப் பேச்சு பழக்கமில்ல. 'சின்னப் பயலுவ வண்டி ஓட்டுறதப் பத்தியும் லைசென்ஸ் பத்தியும் பேசுங்கண்ணே'ன்னு கூப்பிட்டாங்க. இது ஆர்.டி.ஓ. ஆபீஸ் பேச வேண்டிய விஷயமாச்சே, விடுதலை இயக்கத்துக்கு இதுல என்ன சோலின்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் தோணுச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: அண்ணல் அம்பேத்கரின் கால் முறிந்ததே ஓட்டத் தெரியாத ஒருவர் ஓட்டிய வண்டியில்தான்.

1929ஆம் ஆண்டு. தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு போட்ட குழுவில் அண்ணல் ஓர் உறுப்பினர். ஒரு ஊரில் நடந்த சமூகப் புறக்கணிப்பை விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில் சாலிஸ்காவ் ஸ்டேஷனில் இறங்குகிறார். ஒரு ராத்திரி எங்களோடு தங்க வேண்டும் என்று சேரி ஜனங்கள் வந்து அழைக்கிறார்கள். ஆனால் அங்கிருந்த குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றி ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மட்டும் மாட்டோம் என்று கடைசியில் ஒரு சமரசம். அவரை நடக்க வைப்பது மரியாதை இல்லை என்று நம்ம ஆள் ஒருவரே கடிவாளத்தைப் பிடிக்கிறார். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லை. வழியில் பாலத்தில் சக்கரம் கல்லில் மாட்டுகிறது. அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்படுகிறார். குதிரையும் வண்டியும் பாலத்திலிருந்து கீழே விழுகின்றன. எலும்பு முறிந்து நாள்கணக்கில் படுக்கை. இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பாரிஸ்டர் பட்டம் வாங்கினவரையும் வண்டிக்காரன் ஏற்ற மாட்டான் என்பது அதில் முதல் பாடம். குற்றவாளி சாதிதான், சந்தேகமே இல்லை. ஆனா ஓட்டுறவனா எனக்கு இன்னொண்ணும் தெரியுது. கடிவாளத்தைப் பிடிச்ச அந்த மனுசனுக்கு அண்ணல் மேல எவ்வளவு பாசம் இருந்திருக்கும்! அந்தப் பாசத்தால குதிரையைத் திருப்ப முடியல. வண்டித் தொழிலையே அவருக்குக் கொடுக்காத சாதிதான் அவரைப் பழகாத வண்டியில ஏத்திவிட்டது.

வண்டி நமக்கு வெறும் இரும்பு இல்ல, எனக்குத் தெரியும். 1997இல் விருதுநகர் மாவட்டத்தை மையமாக வைத்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். நம்ம ஒட்டப்பிடாரம் பக்கத்து கவர்னகிரிக்காரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கலவரம் செய்தார்கள். கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. நம்ம சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்போதுதான். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியது பொறுக்காமல் வெட்டினார்கள் என்றது குடும்பம். அதனால 'பைக்ல என்னல கெத்து வேண்டிக்கெடக்கு'ன்னு நான் எந்தத் தம்பியையும் கேட்க மாட்டேன். நம்ம பையன் வண்டியில நிமிர்ந்து உட்காருறது இந்த நாட்டுல ஒரு அரசியல்.

ஆனா நான் ஒரு தப்பைச் சொல்லியாகணும். பல வருசத்துக்கு முன்னாடி, நம்ம கூட்டம் ஒண்ணுக்கு ஆள் கூட்டிட்டு வரணும்னு எங்க தெருப் பையன் ஒருத்தன் வந்து நின்னான். பதினேழு வயசு. 'அண்ணே, வண்டியக் குடுங்க.' கொடுத்தேன். லைசென்ஸ் இருக்கான்னு கேட்கல. மூணு பேராப் போனாங்க. துறைமுக ரோட்டுல ராத்திரி விளக்கு இல்லாம ஒரு டிரைலர் நின்னுக்கிட்டிருந்தது. ரெண்டு பேர் பிழைச்சாங்க, ஓட்டினவன் இல்ல. நாங்க வீரவணக்கம்னு போஸ்டர் ஒட்டினோம். உப்பளத்துல வேலை பார்த்துக்கிட்டிருந்த அவங்க அம்மா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: 'சாவிய யாருப்பா கொடுத்தது?'

விளக்கு இல்லாம நிறுத்தினவன் மேலயும் தப்பு இருக்கு. ஆனா அந்தக் கேள்வி எனக்கானது. அதுக்குப் பிறகுதான் சட்டத்தைப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி லைசென்ஸ் எடுக்க 18 வயது. லாரி, பஸ் மாதிரி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20. பதினாறு வயதில் ஒரு லைசென்ஸ் உண்டு. ஆனால் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். அந்தக் காலத்து டிவிஎஸ் 50க்கு அது பொருந்தும். இன்றைக்கு நாம் அதே பேரில் கூப்பிடுகிற எக்ஸ்எல் 100, பேரைப் போலவே கிட்டத்தட்ட 100 சிசி. பெட்ரோல் வண்டியில் பதினாறு வயசுப் பையனுக்குச் சட்டம் அனுமதிக்கிற வண்டி கடையில் அநேகமாகக் கிடையாது. 'கியர் இல்லாத வண்டிதானேண்ணே'ங்கிற சமாதானம் செல்லாது.

2019இல் சட்டத்தைத் திருத்தி 199அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டிக்காரர் மேல் வழக்கு. மூன்று வருசம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. இதெல்லாம் போக, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கூடக் கிடையாது.

இந்தக் கடைசி வரியை ஒரு டிரைவர் கண்ணால பாருங்க. ஒழுங்கா வர்றவன் 18ல கார் லைசென்ஸ் எடுப்பான். அதை ஒரு வருசமாவது வச்சிருக்கணும். 20ல ஹெவிக்கு எல்.எல்.ஆர். போடலாம். பதினாறுல மாட்டினவன் 25ல முதல் லைசென்ஸ் எடுத்து, 26லதான் ஹெவிக்கே போக முடியும். ஆறு வருசம் போச்சு. வசதியான வீட்டுப் பையனுக்கு லைசென்ஸ் இல்லன்னா அப்பா டிரைவர் வச்சுக்குவார். அந்த டிரைவர் வேலைக்குப் போக வேண்டிய நம்ம பையனுக்கு அது ஆறு வருசச் சோறு.

இன்சூரன்சையும் சொல்லிடுறேன். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி இன்னொருத்தர் மேல மோதினா, கம்பெனி அவருக்கு நஷ்டஈடு கொடுத்தாலும் அதை வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ண நீதிமன்றம் அனுமதிக்குது. வண்டிக்குச் சொந்தக்காரரே ஓட்டி இறந்தா 15 லட்சம்னு ஒரு காப்பீடு இருக்கு. அதுவும் அவர்கிட்ட செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தாத்தான். உப்பளக் கூலியில 15 லட்சத்தை எத்தனை வருசத்துல பார்ப்போம்?

இந்த லைசென்ஸ் நமக்குச் சும்மா வந்ததும் இல்ல. எட்டாம் வகுப்பு பாஸ் பண்ணாதவருக்குப் போக்குவரத்து வாகன லைசென்ஸ் இல்லை என்று ஒரு விதி இருந்தது. பள்ளிக்கூடத்தையே மறுத்துவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போகாததைக் காட்டி ஸ்டியரிங்கையும் மறுத்தார்கள். 2019இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரே வழி கிளியாகப் போவது. நானும் அப்படித்தான். டயர் தட்டணும், தார்ப்பாய் கட்டணும், டிரைவருக்கு மனசிருந்தா ராத்திரி காலி ரோட்டுல ஸ்டியரிங்கைத் தருவார். யார் யாரைக் கிளியாகச் சேர்த்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் சொந்தக்காரன், சொந்தச் சாதிக்காரன். அது சாதிப் பள்ளிக்கூடம், தோழர்களே. இன்றைக்கு விதிப்படி டிரைவிங் ஸ்கூலில் ஹெவிக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சி தரணும். நாலு நாள் ஓட்டவிட்டு, மிச்சத்தைப் புரோக்கர் பார்த்துக்குவான் என்றால், கேளுங்கள். எட்டுப் போடத் தெரியாம வாங்குற லைசென்ஸ், சாலிஸ்காவ்ல கொடுத்த வாடகை வண்டி மாதிரி.

இது முத்துக்குளித்த கடல். 1961ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால் அந்த முறையைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்: ஒருத்தர் முங்கினா, ஒருத்தர் மேலே கயிறு பிடிக்கணும். கயிறு பிடிக்க ஆளில்லாம யாரும் முங்க மாட்டாங்க. எல்.எல்.ஆர். விதியும் அதுதான்: 'எல்' போர்டு மாட்டணும், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் லைசென்ஸ் உள்ளவர் கூட உட்காரணும். நம்ம தெருவுல அந்தக் கயிறைப் பிடிக்க ஆள் வேணும். அதைத்தான் இயக்கத்துக்கிட்ட கேட்கிறேன்.

முதல்ல, நம்ம ஊர்வலத்துக்கும் நினைவு நாளுக்கும் பதினெட்டு நிறையாத பிள்ளையை வண்டியோட கூப்பிடாதீங்க. மூணு பேர் ஏறின வண்டியைப் பார்த்துக் கைதட்டாதீங்க. செக்கிங்ல ஊர் பேரைக் கேட்டு முகம் மாறுற போலீஸ்காரர் உண்டு, எனக்கும் நடந்திருக்கு. அதை எதிர்த்துப் பேசணும்னா நம்ம பையில பேப்பர் சரியா இருக்கணும்.

அடுத்தது, பதினாறும் பதினேழும் சும்மா காத்திருக்கிற வயசு இல்ல. சாலைக் குறியீடு, பிரேக், டயர், முதலுதவி, நஷ்டஈட்டுச் சட்டம் எல்லாம் மாலை வகுப்பில் படிக்கலாம். என்னை மாதிரி டிரைவர்கள் வர்றோம். தங்கச்சிகளும் வரணும். உப்பளத்துக்கு விடியுமுன்ன லோடு ஆட்டோவுல நின்னுக்கிட்டே போற பொம்பளைங்களோட மகள்கள் நீங்க. உங்க கையில ஸ்டியரிங் வரணும்.

மூணாவது, பதினெட்டு முடிஞ்ச மறுநாள் எல்.எல்.ஆர். முப்பது நாள் கழிச்சு டெஸ்ட். ஆதார், வயதுச் சான்று சரியா இருக்கான்னு ஆறு மாசம் முன்னாடியே பாருங்க. தாட்கோவுல ஓட்டுநர் பயிற்சி இருக்கான்னு போய்க் கேளுங்க, இல்லைன்னா எழுதி வாங்குங்க.

கூட்டம் முடிஞ்சு இப்ப வெளிய போவீங்க. வாசல்ல நிறைய பைக் நிக்குது. எந்தெந்தச் சாவி யார் கையில இருக்குன்னு ஒருத்தரை ஒருத்தர் கேளுங்க. லைசென்ஸ் இல்லாத தம்பி பின்னாடி உட்காரட்டும், கோவிச்சுக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டு போறவங்க எங்கூட நடந்து வாங்க.