மடல்கள் பேசும் வாழ்க்கை
(அடி அண்ணாமலைத் தமிழ்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

மலைவலம் வருவோர் அடிபடும் ஊர் இது. மணிவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் ஊர். இங்கு நின்று பழைய மடல்களைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

ஓலை, முடங்கல், மடல், திருமுகம் என்று இத்தனை பெயர்கள் நம்மிடம் உண்டு. சிலம்பில் மாதவி இருமுறை மடல் விடுக்கின்றாள். முதல் மடல் தாழை ஏட்டில், பித்திகை அரும்பினால், செம்பஞ்சுக் குழம்பு தோய்த்து எழுதப்பட்டது. கோவலன் அதனை ஏற்க மறுத்தான். இரண்டாம் மடலில் அவ்வொப்பனை இல்லை. பிழை பொறுக்க வேண்டும் என்னும் உள்ளம் மட்டுமே இருந்தது. அதைப் படித்தவன், குற்றம் தன்னுடையதே என்று தெளிந்தான். அச்சொற்கள் தன் பெற்றோர்க்கும் பொருந்தக் கண்டு, அம்மடலையே அவர்கட்கு விடுத்தான். அணி கழன்ற இடத்தில் உண்மை பேசிற்று!

நம் வீட்டு மடல்களும் அவ்வாறே. நூறாண்டுக்கு முற்பட்ட மடலை எடுத்துப் பாருங்கள். ‘மகாராஜராஜஸ்ரீ’ என்றொரு வடமொழி முடி. ‘உபய குசலோபரி’ என்றொரு வடமொழி வாயில். எழுதியவர்க்கும் பொருள் தெரியாது; படித்தவர்க்கும் தெரியாது. அவ்வாயிலைக் கடந்த பின்னரே விதைநெல்லும், வட்டிக் கடனும், மகளின் பேறுகாலமும் வருகின்றன. அங்கே மொழி தானாகவே தமிழாகிவிடுகின்றது! துன்பம் வந்தால் தாய்மொழியில்தானே அழுகின்றோம்? ‘ஸ்ரீ’ போய்த் ‘திரு’ வந்ததும், ‘க்ஷேமம்’ போய் ‘நலம்’ வந்ததும் மேடையில் மட்டும் நடந்தவை அல்ல, அஞ்சலட்டைகளிலும் நடந்தவை.

இனி ஒரு பெருமகனின் மடல்களைப் பார்ப்போம். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் 1906இல் கப்பல் குழுமம் கண்டவர். 1908இல் இரட்டை வாழ்நாட் சிறை தீர்க்கப் பெற்றவர். அது மேன்முறையீட்டில் குறைந்து, 1912 திசம்பரில் விடுதலையானவர். வழக்குரைஞர் உரிமமும் பறிபோக, சென்னையில் வறுமையோடு வாழ்ந்தார். 1915இல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது இருவர்க்கும் இடையே மடல்கள் நடந்தன. அவற்றை ஆய்ந்து வெளிக்கொணர்ந்தவர் அறிஞர் ஆ.இரா.வேங்கடாசலபதி.

காந்தியடிகள் காலை ஆறு மணிக்கு வரலாம் என்றார். சிதம்பரனார் இசைந்தார், ஆனால் அதற்கு முன்னர் வர இயலாது என்றும் எழுதினார். ஏன்? இப்போது தமக்குள்ள ஒரே ஊர்தி திராம் வண்டி. அது விடியற்காலை ஐந்தரைக்குப் பின்னரே ஓடத் தொடங்கும் என்றார். கடலில் கப்பல் விட்டவர்க்குத் தரையில் ஒரு வண்டியில்லை! இந்த ஒரு வரி சொல்வதை எந்தச் சிலை சொல்லும்?

தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்க்கெனத் திரட்டிய பணம் பற்றியும் பேச்சு வந்தது. வேண்டா என்று சொல்லும் நிலையில் தாம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. தம் குடும்பத்தைத் தாங்கியவர்கள் தென்னாப்பிரிக்கத் தமிழ் உடன்பிறப்புகளே என்பதையும் நன்றியோடு குறித்தார். மடல்மேல் மடல் போயிற்று. 1916இல் வந்து சேர்ந்தது 347 உருபா 12 அணா.

இதனால் அவர் பெருமை குறைந்ததா? இல்லை, நம் பெருமைதான் குறைந்தது! அவர் செக்கிழுத்ததை மேடைதோறும் முழங்குகின்றோம். சிறைக்கதவு திறந்த பின்னர் அவர் என்ன உண்டார் என்று கேட்டோமா? அந்த நெருக்கடியிலும் அவர் 1917இல் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். திராம் வண்டி வரியையும் இப்பதிப்பையும் சேர்த்துப் படித்தால்தான் அம்மனிதரின் முழு உயரம் தெரியும்.

ஒன்று மறவாதீர்கள். மடல் உண்மை பேசும், மறைக்கவும் செய்யும். மலையாவில் பால்மரம் சீவியவரும் இலங்கையில் தேயிலை பறித்தவரும் ‘இங்கு யாவரும் நலம்’ என்றே எழுதுவித்தனர். தாய் வருந்தக் கூடாதென்று சொன்ன அன்புப் பொய் அது. ஆகவே சொன்னதோடு சொல்லாததையும் படிக்க வேண்டும். எந்தத் திங்களில் பணம் வரவில்லை, எந்த மடலில் கையெழுத்து மாறிற்று என்று பார்க்க வேண்டும்.

அன்பர்களே! நம் முன்னோர் ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர். எத்தனை நூல்கள் போயின! மடல்களிலும் அதையே செய்கின்றோம். கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட மடல்களை, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்பில் இடுகின்றோம். மஞ்சள் தடவிய திருமண மடலும், பாட்டன் கிறுக்கிய கடன் கணக்கும் உங்கள் குடியின் கல்வெட்டுகள். அரசர்க்குக் கல் இருந்தது. எளியவர்க்குத் தாள்தான் உண்டு. அதையும் எரித்துவிட்டால் அவர்கள் வாழ்ந்ததற்கு வேறு சான்று இல்லை!

இன்றே வீட்டுப் பரணில் தேடுங்கள். ஆண்டும் ஊரும் குறித்துக் கட்டி வையுங்கள். பெரியோர் இருக்கும்போதே இன்னார் யார் என்று கேட்டு எழுதுங்கள். நீங்களும் உங்கள் மக்களுக்குக் கையால், நல்ல தமிழில், ஒரு மடலேனும் எழுதுங்கள்.