ஏரிக்கரைக் கதையும் இளம் பிள்ளைகளும்



பள்ளிக்கூடத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் எழுத்துப் பயில்வது எப்போது என்று பெற்றோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் புத்தகம் இல்லை. வீட்டில் பேசும் தமிழ் வேறு, பாடநூலின் தமிழ் வேறு. வாய் திறவாமல் மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளை, மூன்றாம் வகுப்பை எட்டியும் எழுத்துக்கூட்ட அறியாது நின்றுவிட்டால், பிறகு அதன் படிப்பு நிலைப்பது அரிது. அப்பிள்ளையைப் பேசவைப்பதற்கே கதை வேண்டும் என்கிறோம்.

பஞ்சதந்திரத்தில் வரும் கொக்கு, நண்டுக் கதையை எடுத்துக்கொள்வோம். தாண்டவராய முதலியார் 1826-ஆம் ஆண்டில் மராத்தியிலிருந்து ஆக்கிய தமிழ்ப் பஞ்சதந்திரம் சிறந்த உரைநடை நூல். ஆயினும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்நடை எட்டாது. ஆசிரியர் தம் சொற்களால், ஊரிலுள்ள பொருள்களைக் கொண்டே சொல்லவேண்டும். நம் ஊர் ஏரியே கதையின் ஏரி. மதகும், கலங்கலும், கரையோரக் கருவேல மரமும் பிள்ளைகள் நாள்தோறும் காண்பவை. இரை தேட மாட்டாத கிழக் கொக்கு, ஏரி வற்றப்போகிறது என்று கண்ணீர் வடிக்கிறது. வேறு குளத்தில் சேர்ப்பதாகச் சொல்லி மீன்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிச் சென்று பாறைமேல் வைத்துத் தின்கிறது. பிறகு நண்டின் முறை வருகிறது.

இவ்விடத்தில் கதையை நிறுத்தவேண்டும். முதலில் போன மீன் திரும்பி வந்து சொன்னதா? மீன்கள் கொக்கை என்ன கேட்டிருக்கவேண்டும்? நீர் மெய்யாகவே குறைந்ததா என்று மதகில் பார்த்தவர் யார்? விடை சொல்லப் பிள்ளைகள் போட்டியிடுவர். மூலையில் இருந்த பிள்ளையும் எழும். அதன் பின்னர்தான் நண்டு எலும்புக் குவியலைக் கண்டு கொக்கின் கழுத்தை நெரிக்கலாம். பிள்ளைகள் சொன்ன சொற்களிலேயே மீன், நண்டு, மதகு என்று கரும்பலகையில் எழுதினால் எழுத்துப் பாடமும் அதிலேயே அடங்கும். முடிவில் நீதியை ஒப்பிக்கச் செய்வதில் நமக்கு உடன்பாடில்லை. பெண்களையும் சில தொழில் செய்வோரையும் இழித்துரைக்கும் கதைகளும் பழைய தொகுப்புகளில் உண்டு. அவற்றை விட்டுவிடுவதே முறை.

ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் கதைக்கும் பாட்டுக்கும் இடமுண்டு. ஆனால் ஊர்க் கதைகளை அறிந்தவர்கள் நம் வீட்டு முதியோரே. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியரைக் கலந்து, நடவு, களையெடுப்பு வேலை நெருக்காத ஒரு நாளைக் குறியுங்கள். வரும் பாட்டிக்கு ஒரு நாற்காலியும் போட்டுவையுங்கள். திண்ணை வைத்துக் கட்டிய பள்ளிக்கூடங்கள் இப்போது அரிதாகிவிட்டன.